சாயம் இறங்கும் துணிகள்: கேள்வி பதில்

துணிச் சாயங்களின் உறுதியைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் 22 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், வீட்டில் துவைக்கும்போது சாயம் இறங்குவது குறித்த கேள்விகளுக்கு விடை கூற ஒப்புக்கொண்டிருக்கிறேன். இயந்திரப் பழுது, மைக்கறை, எண்ணெய்க்கறை ஆகியவை என் துறையைச் சேர்ந்தவை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: புதிய சிவப்புச் சட்டை ஒன்று வெள்ளைத் துணிகளோடு சேர்ந்து வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. எல்லாமே இளஞ்சிவப்பாகிவிட்டன. இன்னும் காயப்போடவில்லை. ஏதாவது செய்ய முடியுமா ஐயா?

பதில்: காயப்போடுவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. சிவப்புச் சட்டையை உடனே எடுத்துவிட்டு, மற்றவற்றை ஈரம் உலர விடாமல், அவற்றின் சலவைக் குறிப்பு எவ்வளவு சூட்டை அனுமதிக்கிறதோ அவ்வளவு சூடான நீரில், வழக்கமான சலவைத்தூளோடு மீண்டும் ஒருமுறை துவையுங்கள். புதிதாக வந்து ஒட்டிய சாயம் இழையைத் தளர்வாகவே பற்றியிருக்கிறது. அது காய்ந்து, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியின் சூடும் பட்டுவிட்டால் எடுப்பது கடினமாகிவிடும். ஆகவே நிறம் முழுவதும் போகும் வரை இஸ்திரி போடாதீர்கள்.

அதன் பிறகும் நிறம் மிஞ்சினால், வெள்ளைப் பருத்தித் துணிகளைச் சோடியம் பெர்கார்பனேட் என்னும் ஆக்சிஜன் வகை பிளீச் கரைத்த நீரில் சில மணி நேரம் ஊறவைக்கலாம். நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிடும் இப்பொருள், குளிர்ந்த நீரில் மந்தமாக இருந்து, 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. நிறம் நீக்கும் தூள் என்று விற்கப்படுபவற்றுள் பலவற்றில் இருப்பது சோடியம் டைதயோனைட். அது, வந்து ஒட்டிய சாயம் எது, துணியின் சொந்தச் சாயம் எது என்று பிரித்துப் பார்க்காது என்பதால், முழு வெள்ளைத் துணிக்கு மட்டுமே பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒரே விலை, ஒரே பருத்தி, ஒரே சிவப்பு. ஆனால் ஒரு சட்டையில் சாயம் போகிறது, இன்னொன்றில் போகவில்லை. ஏன்?

பதில்: இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. நிறம் ஒன்றாயினும் சாயம் ஒன்றல்ல. பருத்திக்கு நேரடியாக ஏறும் டைரக்ட் சாயங்களுள் முதலாவதாகிய காங்கோ சிவப்பு 1884-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இவ்வகைச் சாயங்கள் இழையோடு வேதிப் பிணைப்பு ஏதும் கொள்வதில்லை; நீண்ட, தட்டையான அவற்றின் மூலக்கூறுகள் இழையின் மீது படிந்து, வலுவற்ற ஈர்ப்பினால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எனவே ஒவ்வொரு முறை நீரில் நனையும்போதும் சிறிது கழன்று வரும். 1956-இல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்களோ பருத்தியின் செல்லுலோஸோடு வினைபுரிந்து, இழையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகின்றன. அப்படி ஆகிவிட்ட சாயம் சாதாரணத் துவைப்பில் இறங்காது.

அப்படியானால் ரியாக்டிவ் சாயமிட்ட துணியும் முதல் துவைப்பில் நீரைச் சிவப்பாக்குவது ஏன் என்று கேட்பீர்கள். சாயத் தொட்டியில் எல்லா மூலக்கூறுகளும் இழையோடு வினைபுரிவதில்லை. ஒரு பகுதி நீரோடு வினைபுரிந்து, இனி எதையும் பற்ற இயலாத வெறும் நிறமாகி, துணிக்குள் தங்கிவிடுகிறது. சாயப்பட்டறையில் அதைச் சூடான நீரில் பலமுறை அலசி வெளியேற்ற வேண்டும். அலசுவதற்கு நேரமும் நீரும் எரிபொருளும் செலவாகும் என்பதால் சிலர் அதைக் குறைத்துவிடுகிறார்கள். அவர்கள் விட்டுவிட்ட அலசலைத்தான் நீங்கள் உங்கள் வாளியில் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே, தனியாக இரண்டு மூன்று முறை துவைத்ததும் நீர் தெளிந்துவிட்டால் அது அலசப்படாத ரியாக்டிவ் சாயமாக இருக்கக்கூடும். பத்தாவது துவைப்பிலும் நிறம் வந்துகொண்டே இருந்தால் அது பெரும்பாலும் டைரக்ட் சாயம். முன்னதற்குப் பொறுமை போதும். பின்னதை என்றென்றும் தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

கேள்வி: புதுத்துணியை உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்கிறார்களே, எவ்வளவு உப்பு போட வேண்டும்?

பதில்: உப்பு போட வேண்டாம். சாயமேற்றும்போது தொட்டியில் உப்பு சேர்ப்பது உண்மைதான். நீரில் பருத்தியும் இவ்வகைச் சாயங்களும் எதிர்மின் தன்மை கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கும். உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையின் பக்கம் தள்ளுகிறது. அதற்கு ஒரு லிட்டர் நீருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்பு தேவைப்படும். ஒரு வாளி நீரில் ஒரு கரண்டி உப்பு போட்டால், லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம்தான் தேறும். மேலும், தள்ளுவது உப்பே ஆயினும், ரியாக்டிவ் சாயத்தைப் பிணைப்பதற்கு வேண்டிய காரத்தன்மையைத் தருவது சலவைச் சோடா.

கேள்வி: வினிகர்?

பதில்: பட்டு, கம்பளி, நைலான் ஆகியவற்றுக்கு ஏற்றப்படும் அமிலச் சாயங்கள் அமில நீரில் இழையை நன்கு பற்றும் என்பதால், அவற்றின் கடைசி அலசலில் சிறிது வினிகர் சேர்ப்பதில் ஓரளவு பொருள் உண்டு. ஆனால் பட்டறையில் அந்தப் பிணைப்பு ஏறத்தாழக் கொதிநிலையில் நிகழ்கிறது. குளிர்ந்த வாளியில் அதை எதிர்பார்க்கக் கூடாது. பருத்திக்கு வினிகரால் பயன் இல்லை.

கேள்வி: படிகாரம்?

பதில்: இயற்கைச் சாயமேற்றுபவர்கள் சாயத்துக்கு முன்னரோ உடனோ பயன்படுத்தும் பொருள் அது. கடையில் வாங்கிய துணிக்கு உதவாது.

கேள்வி: உப்பு பற்றி நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. என் பாட்டி காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உப்பில்தான் ஊறவைக்கிறோம். உப்பு போட்ட வாளியில் நீர் தெளிவாக இருக்கிறது, போடாத வாளியில் சிவக்கிறது. கண்ணால் கண்டதைப் பொய் என்பீர்களா?

பதில்: நீங்கள் கண்டது பொய் அல்ல, வாளியில் நிறையவே உப்பு போட்டிருப்பீர்கள். அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. உப்பு இருக்கும் வரை சாயம் நீருக்கு வரத் தயங்கும். உப்பை அலசிய பிறகு, அடுத்த துவைப்பில் அந்தத் தயக்கம் இராது. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சாயம் போகும் அந்தத் துணியின் உட்தையலிலிருந்து ஒரே அளவில் இரண்டு துண்டுகளை வெட்டி, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒன்றில் வெறும் நீரும் மற்றதில் உப்பு நீருமாக ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டு துண்டுகளையும் அலசி, புதிய வெறும் நீரில் மீண்டும் ஒரு மணி நேரம் வையுங்கள். இரண்டாம் முறை குவளைகளை வெள்ளைத் தாளின் முன் நிறுத்திப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கேள்வி: ஜீன்ஸ் இரண்டு ஆண்டுகளாகத் துவைத்தும் சாயம் போகிறது. வெளிர்நிற இருக்கையிலும் நீலம் ஒட்டுகிறது. இதுவும் மட்டமான சாயமா?

பதில்: இல்லை. அது இண்டிகோ, நீரில் கரையாத வாட் சாயம். அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி நூலில் ஏற்றி, காற்றுப் பட்டதும் மீண்டும் கரையாத நிறமாக ஆகவிடுகிறார்கள். அது நூலின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். ஜீன்ஸின் கால் விளிம்பில் பிரிந்திருக்கும் நீல நூல் ஒன்றை இழுத்து, முறுக்கை அவிழ்த்துப் பாருங்கள்: வெளியே நீலமாகவும் நடுவே வெள்ளையாகவும் இருக்கும். அதனால் உராயும் இடமெல்லாம் நீலம் உதிர்கிறது; துவைப்பதால் கழல்வதைவிடத் தேய்வதால் உதிர்வதே மிகுதி. உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், அடர்நிறத் துணிகளோடு மட்டும் துவையுங்கள். இருக்கைக்கு என்ன செய்வது என்பதை அதன் உறையைத் தைத்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மெஷினிலிருந்து துர்நாற்றம் வருகிறது.

பதில்: பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

கேள்வி: உப்பில் எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும்?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மெஷினில் துணிகளோடு போடும் சாயம் பிடிக்கும் தாள் உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்லை ஏமாற்றா?

பதில்: வேலை செய்யும், ஓர் எல்லை வரை. அந்தத் தாளில் நேர்மின் தன்மையுள்ள பொருள் ஏற்றப்பட்டிருக்கிறது. நீரில் மிதந்துவரும் எதிர்மின் சாயத்தை மற்றத் துணிகளுக்கு முன்பாக அது பற்றிக்கொள்கிறது. ஆனால் மெஷினைத் திணித்து நிரப்பிவிட்டு, ஈரச் சிவப்பும் ஈர வெள்ளையும் ஒன்றோடொன்று அழுந்திக்கிடக்க விட்டால், சாயம் நீருக்கு வராமலே நேராகத் தாவிவிடும். தாள் அதைப் பார்க்கக்கூட வாய்ப்பில்லை. வண்ணத் துணிகளுக்கென விற்கும் டிடர்ஜென்ட்களில் இதே பணியைச் செய்யும் பாலிமரும் சேர்க்கப்படுவதுண்டு. அவற்றில் பிளீச் இராது என்பதும் நன்மையே.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: துவைத்து முடிந்த துணியை ஈரக் குவியலாக விட்டுவைக்காதீர்கள். ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்த, வீட்டிலிருந்து வந்த புகார்த் துணிகளில் பாதிக்கு மேல் கறை மடிப்புகளின் வடிவத்திலேயே இருந்தது. துவைக்கும்போது பரவிய சாயம் துணி முழுவதும் சீராகப் படியும்; மடிப்பின் கோடு தெரிகிறது என்றால், துவைத்த பிறகு கிடந்த நேரத்தில் ஏறிய சாயம் அது.

கேள்வி: உடல்பகுதி கருஞ்சிவப்பு, கழுத்துப்பட்டி வெள்ளை. எதனோடும் சேர்க்காமல் துவைத்தும் பட்டி சிவக்கிறது. தனித்துணியே தன்மேல் சாயம் இட்டுக்கொண்டால் என்ன செய்வது?

பதில்: குளிர்ந்த நீரில், டிடர்ஜென்ட் கரைந்த பிறகு துணியை முக்கி, ஊறவைக்காமல் சில நிமிடங்களில் முடித்துவிடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், உலர்ந்த துண்டின் மேல் விரித்து, உள்ளே இன்னொரு துண்டை வைத்துச் சுருட்டி அழுத்தினால் நீர் துண்டுகளுக்குப் போய்விடும். கொடியில் போடும்போது வெள்ளைப் பகுதி மேலேயும் அடர்நிறம் கீழேயும் இருக்கட்டும், ஏனெனில் சொட்டும் நீரோடு சாயமும் கீழே இறங்கும். நிழலில், காற்றோட்டமாக, விரைவில் உலர வேண்டும்.

கேள்வி: சிவந்த வெள்ளைத் துணிக்குக் குளோரின் பிளீச்சோடு வினிகரும் சேர்த்தால் விரைவில் வெளுக்குமாமே?

பதில்: ஒருபோதும் செய்யாதீர்கள். குளோரின் பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிவரும். அம்மோனியா சேர்ந்தாலும் நச்சு வாயுவே. குளோரின் பிளீச்சைத் தனியாகவும், சலவைக் குறிப்பில் வெறும் முக்கோணம் இருக்கும் துணிக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். முக்கோணத்துக்குள் இரண்டு சாய்கோடுகள் இருந்தால் ஆக்சிஜன் வகை மட்டும். குறுக்கே பெருக்கல் குறி இருந்தால் எதுவும் கூடாது. பட்டு, கம்பளி, நைலான், இழுத்தால் நீளும் ஸ்பான்டெக்ஸ் கலந்த துணி ஆகியவற்றைக் குளோரின் கெடுத்துவிடும்.

கேள்வி: கறுப்புச் சட்டை சாம்பல் நிறமாகிவிட்டது. சாயம் போய்விட்டதா?

பதில்: நனைத்துப் பாருங்கள். நனைந்ததும் பழைய கறுப்பு திரும்பினால் சாயம் பெரும்பாலும் இருக்கிறது. மேலே எழும்பிய நுண்ணிழைகளோ சலவைத்தூளின் படிவோ ஒளியைச் சிதறச் செய்கின்றன. திருப்பிப் போட்டுத் துவைத்து, கூடுதலாக ஒருமுறை அலசுங்கள்.

கேள்வி: உப்பில் ஊறவைத்த பிறகு...

பதில்: உப்பு குறித்த கேள்விகளை இத்துடன் நிறுத்திக்கொள்வோம், சோதனை செய்யச் சென்றவர் திரும்பி வரும் வரை.

கேள்வி: சோதனை செய்தேன். முதல் முறை உப்பு நீர் தெளிவாகவே இருந்தது. இரண்டாம் முறை, உப்பிலிருந்து வந்த துண்டு வெறும் நீரில் மற்றதைவிடச் சற்று அதிகமாகவே சிவந்தது. அப்படியானால் சாயம் நிறுத்தும் திரவம் என்று விற்பதும் வீண்தானா?

பதில்: நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. முதல் முறை வெளியேறாமல் தங்கிய சாயமே இரண்டாம் முறை வந்திருக்கிறது. அந்தத் திரவம் வேறு. அது நேர்மின் தன்மையுள்ள பெரிய மூலக்கூறு. எதிர்மின் சாயத்தோடு இணைந்து எளிதில் கரையாத கூட்டாக இழையிலேயே தங்கிவிடும். வேதியியல் கணக்கில் அதுவும் ஒருவகை உப்பே என்று நீங்கள் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன். உங்கள் பாட்டிக்கு அவ்வளவு இடம் விடலாம். இண்டிகோவுக்கு அது உதவாது. சில நிறங்களைச் சற்று மாற்றும், வெயிலில் வெளுப்பதையும் விரைவாக்கக்கூடும்.

கேள்வி: சரி, இந்தச் சிவப்புத் துணியை இப்போது என்ன செய்வது?

பதில்: முதலில் சலவைக் குறிப்பு அனுமதிக்கும் வெதுவெதுப்பான நீரில் தனியாக இரண்டு முறை துவைத்து, கழலக்கூடியதைக் கழலவிடுங்கள். பின்னர் அந்தத் திரவத்தை அதன் குறிப்பின்படி பயன்படுத்துங்கள். உலர்ந்ததும் நனைத்த வெள்ளைப் பருத்தித் துண்டை உட்தையலின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி எடுங்கள். துண்டில் நிறம் வந்தால் தனி வாளி. வராவிட்டால் அடர்நிறத் துணிகளோடு சேர்க்கலாம். வெள்ளையோடு வேண்டாம்.