மூன்றாவது டக்ளஸ் ஏர்ல் யாருடைய மகன்?

கேள்வி: நாவல் ஒன்றுக்காக ஸ்காட்லாந்தின் டக்ளஸ் பிரபுக் குடும்பத்தின் கொடிவழியை வரைந்துகொண்டிருக்கிறேன். மூன்றாவது ஏர்ல் (ஒரு பிரபுப் பட்டம்) ஆர்ச்சிபால்டை, இரண்டாவது ஏர்லின் மகன் என்கிறது ஒரு இணையதளம். மன்னர் ராபர்ட் புரூஸின் தளபதியாக இருந்த சர் ஜேம்ஸ் டக்ளஸுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் என்கிறது இன்னொன்று. அப்படிப் பிறந்தவருக்கு அந்தக் காலத்தில் வாரிசுரிமை கிடையாதே? எதை நம்பி வரைவது?

பதில்: இரண்டாவது தளத்தை நம்புங்கள். ஆர்ச்சிபால்டு சர் ஜேம்ஸின் மகன்தான், திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்தான். உங்கள் சந்தேகமும் நியாயமானதே. பிறப்பை வைத்துப் பார்த்தால் அவருக்கு ஒரு காணி நிலம்கூடக் கிடைத்திருக்காது. அவருக்குச் சொத்து வந்தது ஒரு சாசனத்தால்.

சர் ஜேம்ஸ் 1330-இல் ஸ்பெயினில் தேபா என்ற ஊர் அருகே போரில் இறந்தார். இறந்துபோன புரூஸ் மன்னரின் இதயத்தைப் பேழையில் சுமந்துகொண்டு போன பயணம் அது. அவருக்குப் பின் வந்த மகன் வில்லியம் 1333-இல் ஹாலிடன் ஹில் போரில் மாண்டார். சர் ஜேம்ஸின் தம்பி ஆர்ச்சிபால்டும் (இவர் வேறு ஆர்ச்சிபால்டு, அப்போது நாட்டின் காப்பாளர், அதாவது மன்னர் பெயரில் ஆட்சி நடத்தியவர்) அதே களத்தில் விழுந்தார். மிஞ்சியது இன்னொரு தம்பி ஹியூ. அவரோ பாதிரியார், பிள்ளை கிடையாது.

1342 மே மாதம் ஹியூ ஒரு காரியம் செய்தார். நிலத்தை மன்னர் இரண்டாம் டேவிட்டிடம் திருப்பி ஒப்படைத்தார். மன்னர் அதை ஒரு வாரிசு வரிசையோடு மறுபடி வழங்கினார். நிலம் சட்டப்படி மன்னருடையது, பிரபு அதை அனுபவிப்பவர் மட்டுமே என்பதால் இப்படி ஒரு வழி இருந்தது. முதல் உரிமை காப்பாளரின் மகன் வில்லியமுக்கு. அவருடைய ஆண் வாரிசு அற்றுப்போனால் லிட்டெஸ்டேலைச் சேர்ந்த வில்லியம் டக்ளஸுக்கு. அவர் வழியும் அற்றுப்போனால், சர் ஜேம்ஸின் மகன் ஆர்ச்சிபால்டுக்கு. பெயர் சொல்லி எழுதிவிட்டதால், பிறப்பு முறையானதா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. இந்தக் குடும்பக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முதல் வரிசைக்காரரான வில்லியம் 1358-இல் முதல் டக்ளஸ் ஏர்ல் ஆனார். அதற்கு முன்பே, 1353-இல், இரண்டாவது வரிசைக்காரரை அவரே கொன்றுவிட்டார்! வில்லியமின் மகன் ஜேம்ஸ்தான் இரண்டாவது ஏர்ல். 1388-இல் ஆட்டர்பர்ன் போரில் வெற்றி ஸ்காட்லாந்துக்கு, உயிர் போனது ஜேம்ஸுக்கு. முறையான பிள்ளை இல்லை. அவருடைய தங்கையோ அக்காவோ ஆன இசபெல்லின் கணவர் மால்கம் டிரம்மண்ட் சொத்தில் உரிமை கோரினார். 1389-இல் நாடாளுமன்றம் பழைய சாசனமே செல்லும் என்றது. சாசனத்துக்குள் வராதவை, உதாரணமாக அம்மா வழி வந்த மார் பகுதி, இசபெல்லிடம் போயின.

ஆக, இரண்டாவது ஏர்லுக்கு மூன்றாமவர் மகன் அல்ல, அப்பாவின் பங்காளி. நம் முறையில் சொன்னால் சித்தப்பாவோ பெரியப்பாவோ ஆக வேண்டும். முதல் தளம், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை இருப்பதைப் பார்த்து அப்பா, மகன், பேரன் என்று கோடு இழுத்துவிட்டது போலிருக்கிறது. வயதும் ஒத்துவராது: சர் ஜேம்ஸ் 1330-இல் இறந்தவர் என்பதால், ஆர்ச்சிபால்டு பட்டத்துக்கு வரும்போது அறுபதை நெருங்கியிருப்பார்.

நாவலுக்கு ஒரு கொசுறு: 1356-இல் பிரான்சில் புவாத்தியே போரில் இந்த ஆர்ச்சிபால்டு ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். கூடப் பிடிபட்ட ஸ்காட்லாந்து வீரர் ஒருவர், “எஜமானின் கவசத்தைத் திருடி மாட்டிக்கொண்டாயா?” என்கிற தோரணையில் அவரைத் திட்டி அடித்து, வேலைக்காரன் என்று நம்பவைத்து, சொற்பத் தொகைக்கு விடுவித்தாராம். பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்லும் கதை இது. உண்மையோ இல்லையோ, ஆளின் தோற்றத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது.

அப்புறம், இன்னும் கீழே வரையும்போதும் எண்ணை நம்பாதீர்கள். மூன்றிலிருந்து ஆறு வரை நேராக அப்பா-மகன்தான். ஆறாவது ஏர்ல் வில்லியம், 1440-இல் எடின்பரோ கோட்டையில் தம்பியோடு சேர்த்துக் கொல்லப்பட்ட இளைஞர். அவருக்குப் பின் பட்டம் தாத்தாவின் தம்பி ஜேம்ஸிடம் திரும்பிப் போகிறது. எட்டாமவர் அந்த ஜேம்ஸின் மகன். 1452-இல் ஸ்டர்லிங் கோட்டையில் மன்னர் இரண்டாம் ஜேம்ஸே அவரைக் கத்தியால் குத்தினார். ஒன்பதாமவர் எட்டாமவரின் தம்பி. 1455-இல் எல்லாம் பறிமுதல்.

‘சிவப்பு டக்ளஸ்’ கிளையைத் தனியாக வரையுங்கள். அது முதல் ஏர்லுக்கு ஆங்கஸ் சீமாட்டி மார்கரெட் ஸ்டூவர்ட்டிடம் பிறந்த ஜார்ஜிலிருந்து தொடங்குகிறது. மார்கரெட் யார் என்றால், ஏர்லின் மனைவியுடைய சகோதரரின் விதவை. இங்கேயும் திருமணம் இல்லை, இங்கேயும் பட்டம் கிடைத்தது, ஆனால் அம்மாவின் பட்டம். 1455-இல் மன்னர் பக்கம் நின்று, ‘கறுப்பு டக்ளஸ்’ கிளையின் (இதுவரை பார்த்த டக்ளஸ் ஏர்ல்களின்) நிலத்தில் ஒரு பங்கைப் பிடித்ததும் இந்தக் கிளைதான்.

பொதுவாக ஒரு யோசனை: ஆளை அடையாளம் காண பெயரைவிட நிலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் வில்லியம், ஜேம்ஸ், ஆர்ச்சிபால்டு என்ற மூன்று பெயர்களே சுற்றிச் சுற்றி வரும். பட்டப்பெயரும் கைகொடுக்காது. ‘டைன்மேன்’, அதாவது தோற்றுப்போகிறவர், என்ற பெயர் நான்காவது ஏர்லுக்கும் உண்டு, ஹாலிடன் ஹில்லில் இறந்த காப்பாளருக்கும் சிலர் சூட்டுகிறார்கள். எந்த ஆண்டு, எந்தச் சாசனத்தில், எந்த ஊருக்கு உரியவர் என்று குறித்துவைத்தால் குழப்பம் தீரும். பழைய ஸ்காட்லாந்து நாடாளுமன்றப் பதிவுகளை செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1389-ஐ அங்கேயே தேடலாம்.

மேல்நோக்கிப் போவதானால் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசனங்களில் சாட்சியாக வரும் வில்லியம் டக்ளஸோடு நிறுத்திவிடுங்கள். எட்டாம் நூற்றாண்டின் ‘ஷோல்டோ டக்ளஸ்’ பிற்காலத்தவர் கட்டிய கதை. நாவலில் ஒரு பாட்டி சொல்வதாக வேண்டுமானால் வையுங்கள், கொடிவழியில் வேண்டாம்.