அவருக்கு மட்டும் ஒரு கொப்பி

அன்புள்ள அக்கா,

எனக்கு 56 வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1990இல் மெல்பேர்ணுக்கு வந்தவள். கணவர் இங்கேயே பிறந்தவர். அவருடைய அம்மா ஆஸ்திரேலியப் பெண், அப்பா லத்வியாவில் இருந்து வந்தவர். என் பிரச்சினை அந்த மாமாதான்.

மாமி போய் நாலு வருஷம். அதிலிருந்து மாமா எங்களோடு இருக்கிறார். 89 வயது, மறதி நோய். இப்போது பின்னேரமானால் லத்விய மொழி மட்டும்தான் கதைக்கிறார். இங்கிலீஷில் வேலை செய்து, இங்கிலீஷ்காரியைக் கட்டி, பிள்ளை வளர்த்த மனுஷன்! என் கணவருக்கே அந்தப் பாஷை தெரியாது. சின்ன வயதில் சனிக்கிழமைப் பள்ளிக்கு அனுப்பினார்களாம், இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டார்.

நான் சமைப்பதைத் தொடமாட்டார். கறுப்புப் பாண் வாங்கி வைத்தால் ஒரு துண்டை லேஞ்சியில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைப்பார். கட்டில் முழுக்கத் தூள், எறும்பு. எத்தனை தரம் சொல்லிவிட்டேன். போன ஜூன் 23 இரவு, அந்தக் குளிரில், பின்வளவில் விறகு அடுக்கி நெருப்பு மூட்டப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கணவர் "பாவம், விடு" என்பார். தோய்ப்பதும் துடைப்பதும் நான்.

இத்தனை வருஷத்தில் மாமா என்னோடு மனம்விட்டுக் கதைத்ததே இல்லை. எட்டு வயதில், 1944இல், லியெபாயாத் துறைமுகத்தில் கப்பலேறி ஜெர்மனிக்கு ஓடியது, அகதி முகாமில் கிடந்தது, 1949இல் இங்கே வந்து போனகில்லா முகாமில் இருந்தது எல்லாம் மாமி சொல்லித்தான் தெரியும். நானும் ஊரைவிட்டு ஓடிவந்தவள்தானே, என்னிடம் சொன்னால் என்ன?

மகளோடு மட்டும் நல்ல ஒட்டு. அவளுக்கு 22 வயது. போனில் பார்த்து லத்வியச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதிப் பாடமாக்குகிறாள். தண்ணிக்கு ஊதென்ஸ், பாணுக்கு மைசே. தமிழில் அவளுக்கு நாலு சொல் ஒழுங்காக வராது. தமிழ்ப் பள்ளியை ஏழு வயதில் நிறுத்திவிட்டோம், எனக்கும் அப்போது இரவு வேலை. அது கிடக்கட்டும்.

சுத்தம் பார்க்கமாட்டார், சாப்பிடமாட்டார், எனக்கு ஒரு நன்றி இல்லை. மாமாவை வயோதிபர் இல்லத்தில் விட்டால் பாவமா, அக்கா?

களைத்துப்போன ஒரு மருமகள்

*

அன்புச் சகோதரிக்கு,

பாண் தூளையும் விறகையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். மகளின் கொப்பியைச் சில வரியில் சொல்லி, "அது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்டீர்கள். உங்களை நித்திரை கொள்ளவிடாமல் வைத்திருப்பது அந்தக் கொப்பிதான் என்று எனக்குப் படுகிறது. நாளைக்கு எனக்கும் இப்படி ஆனால், எனக்காக யார் கொப்பி எடுப்பார்கள்? இதைத்தானே கேட்க வந்தீர்கள்?

முதலில் மாமா. மறதி நோயில் பிறகு படித்த மொழி முதலில் கழன்றுபோவதும், தாய் மடியில் கேட்டது நெடுநாள் நிற்பதும் அடிக்கடி காண்பதுதான். உங்களை ஒதுக்க அவர் மொழி மாற்றவில்லை. அவர் பிறந்த நாட்டுக்குள் 1940இல் சோவியத் படை வந்தது. 1941 ஜூனில் சில நாட்களுக்குள் 15,000 பேருக்கு மேல் சரக்கு ரயிலில் ஏற்றப்பட்டுச் சைபீரியா பக்கம் அனுப்பப்பட்டார்கள். பிறகு ஜெர்மன் படை. 1944இல் சோவியத் படை திரும்பி வர, சனம் கப்பலேறியது. அந்தப் பிள்ளை எந்த இடத்தில் பாண் ஒளிக்கப் பழகியதோ, தெரியாது. பசி தெரிந்த பிள்ளை. ஜூன் 23 லத்வியர்களின் லீகோ இரவு. அங்கே அது கோடை, வருஷத்தின் மிகச் சிறிய இரவுகளில் ஒன்று. விடியும்வரை நெருப்பை அணையவிடாமல் விழித்திருந்து பாடுவார்கள். அன்றைக்குத் திகதியை அவர் மறக்கவில்லை, பாருங்கள்.

அவர் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் திறந்தீர்களா? யாழ்ப்பாணத்தை விட்டு வந்த அன்று கையில் என்ன இருந்தது, யார் வாசலில் நின்றார்கள் என்று மகளுக்கு எப்போதாவது சொன்னீர்களா? கடுமையாகக் கேட்கிறேன், மன்னியுங்கள். மாமா தன் மகனுக்குச் செய்ததைத்தான் நீங்கள் உங்கள் மகளுக்குச் செய்தீர்கள். பிள்ளை இங்கே நன்றாக இருக்கட்டும் என்று நீங்கள் இருவரும் உங்களில் பாதியைப் பூட்டி வைத்தீர்கள். இரவு வேலை முடித்து வந்து சனிக்கிழமை காலையில் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோவது லேசான காரியம் இல்லை, அறிவேன். ஆனால் சோறு போடும்போது தமிழில் கதைப்பதை எந்த வேலையும் தடுக்கவில்லை. மாமா மேல் வரும் கோபத்தில் பாதி உங்கள் மேல் உங்களுக்கு இருப்பது. அதை அந்தக் கிழவர் சுமக்க வேண்டாம்.

இன்னொன்று. மகள் தாத்தாவைத் தெரிந்தெடுத்து உங்களை விட்டுவிட்டாள் என்று நினைக்காதீர்கள். தாத்தா தண்ணி கேட்டது அவளுக்குப் புரியவில்லை, அதனால் கொப்பி எடுத்தாள். உங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் இங்கிலீஷில் சமாளிக்கிற அம்மாவைத்தான் அவள் இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறாள். கிழவரின் ஒரு சொல்லுக்காக மெனக்கெடுகிற அந்தப் பிள்ளையை வளர்த்தவர் நீங்கள்தான், அதை மறந்துவிட்டீர்கள்.

வயோதிபர் இல்லம் பாவமில்லை. முடியாவிட்டால் விடலாம். லத்விய மொழி தெரிந்தவர்கள் வேலை செய்யும் இல்லம் உண்டா என்று மெல்பேர்ண் லத்வியச் சமூகத்தாரிடம் கேளுங்கள். அதற்கு முன், "பாவம், விடு" என்று சொல்லும் உங்கள் கணவர் தோய்ப்பதில் பாதியை எடுத்துக்கொள்ளட்டும். பாணைப் பறிக்காதீர்கள், மூடியுள்ள ஒரு தகரப் பேணியைக் கட்டிலருகே வையுங்கள். பின்னேரங்களில் இங்கிலீஷில் திருத்தவும் வேண்டாம். "தண்ணி குடிக்கிறீங்களா, மாமா?" என்று தமிழிலேயே கேளுங்கள். உங்கள் குரல் இளகுவது அவருக்குப் புரியும்.

அந்தக் கொப்பியில், ஊதென்ஸ் என்று எழுதிய வரியில் பக்கத்தில் இடம் இருக்கும். இன்றிரவு மகளிடம் கேட்டு வாங்கி, அந்த இடத்தில் "தண்ணி" என்று நீங்களே எழுதுங்கள். அவளுக்கு வாசிக்க வராது. பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள்.