ஒரு சனிக்கிழமையில் ரரோடோங்கா

கேள்வி: ஆக்லாந்தில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறோம். மகனும் மருமகளும் எங்களைக் குக் தீவுகளின் ரரோடோங்காவுக்கு அழைத்துச் செல்கிறார்கள். சனிக்கிழமை புறப்பட்டு வெள்ளிக்கிழமை போய்ச் சேர்வோம் என்கிறான் மகன். கேலி செய்கிறானோ என்று தெரியவில்லை. மறுநாள் அவர்கள் ஆழ்கடலில் மூழ்கிப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கும் முழங்கால் வலியுள்ள என் கணவருக்கும் கார் ஓட்டத் தெரியாது, இருவரும் சைவம். அந்த ஒரு நாளில் தீவைச் சுற்றிப் பார்க்க இயலுமா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 62

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகன் சொன்னது உண்மைதான். விமானம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்துவிடுவதால் ஒரு நாள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஊர் திரும்பும்போது அதைக் கொடுத்துவிட வேண்டும். குக் தீவுகள் 1965 முதல் தன்னாட்சி நாடு என்பதால், நியூசிலாந்துக்குள் மீண்டும் நுழைய உங்கள் விசா இடம் தருகிறதா என்பதை மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

கார் தேவையே இல்லை. கரையோரச் சாலையின் முழுச் சுற்றளவும் 32 கிலோமீட்டர்தான். கடிகாரச் சுற்றில் ஒரு பேருந்தும் எதிர்ச் சுற்றில் ஒரு பேருந்தும் ஓடுகின்றன, நிறுத்தம் இல்லாத இடத்திலும் கைகாட்டினால் நிற்கும். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள் என்பதால், எங்கே இறங்குவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

காலை எட்டு மணிக்கே தலைநகரான அவருவாவில் உள்ள புனங்கா நுய் சந்தைக்குப் போய்விடுங்கள். சனிக்கிழமை காலையில்தான் அது களைகட்டும், நண்பகலுக்குள் கலைந்துவிடும். உங்கள் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும். ‘ருகாவ்’ என்பது சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்தது. சிலர் இறைச்சி சேர்ப்பதுண்டு, எனவே கேட்டு வாங்குங்கள். ‘போக்கே’ என்பது வாழைப்பழத்தை மாவுடன் பிசைந்து வேகவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றித் தருவது. நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். ‘இகா மாத்தா’ என்று யாராவது நீட்டினால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள், அது எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன்.

அங்கிருந்து கடிகாரச் சுற்றுப் பேருந்தில் கிழக்கே போகையில் வீட்டு முற்றங்களைக் கவனியுங்கள். துணி காயும் கொடிக்குச் சில அடி தள்ளி, ஓடு பதித்த கல்லறை ஒன்று கூரையும் பூமாலையுமாக இருக்கும். அங்கே நிலத்தை விற்க முடியாது, குத்தகைக்குத்தான் விடலாம். குடும்பத்துக்கே உரிய மண்ணாகையால் மூத்தவர்களை வாசலிலேயே அடக்கம் செய்கிறார்கள். முதலில் எனக்குச் சற்று உறுத்தலாக இருந்தது. ஒரு பாட்டி கல்லறை மேல் விழுந்த சருகைப் பெருக்கிவிட்டு, அதே துடைப்பத்தால் வாசலையும் பெருக்கியதைப் பார்த்தபின் அந்த உறுத்தல் போய்விட்டது. கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

அவானாவில் இறங்குங்கள். மாவோரி மக்களின் முன்னோர் ஏழு பெரிய ஓடங்களில் நியூசிலாந்துக்குப் புறப்பட்ட துறை இது என்பது மரபு; அந்த ஓடங்களின் நினைவாக வட்டமாகக் கற்கள் நட்டிருக்கிறார்கள். நீங்கள் நான்கு மணி நேரத்தில் பறந்து வந்த கடலை அந்த முன்னோர் விண்மீன்களைப் பார்த்துக் கடந்தார்கள்.

அடுத்தது முரி காயல். பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் இடுப்பளவு நீரில் உங்கள் கணவரும் அச்சமின்றி நிற்கலாம், முழங்காலுக்கும் இதம். ஆனால் ரப்பர் காலணி இல்லாமல் இறங்காதீர்கள். வெறுங்காலோடு இறங்கிப் பவளத் துண்டை மிதித்து மூன்று நாள் நொண்டியவன் நான். காலடியில் கறுப்பாகக் கிடப்பவை கடல் அட்டைகள், ஒன்றும் செய்யா. பாறைவேலியில் திறப்புள்ள இடங்களில் நீர் கடலை நோக்கி வேகமாக இழுக்கும், அந்தப் பக்கம் போகவே கூடாது. ஈர உடையோடு ஊருக்குள் நடப்பதை அங்குள்ளவர்கள் விரும்புவதில்லை.

தீவின் நடுவே 413 மீட்டர் உயரமுள்ள ஊசிப்பாறைக்கான மலைப்பாதையை மகனுக்கு விட்டுவிடுங்கள். மாலையில் மேற்குக் கரையின் அரோராங்கியில் கதிரவன் மறைவதைப் பார்க்கலாம். கடைசிப் பேருந்து எப்போது என்று ஓட்டுநரிடம் இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

புழக்கத்தில் இருப்பது நியூசிலாந்து டாலர்தான் என்றாலும், சில்லறையாக முக்கோண வடிவ இரண்டு டாலர் நாணயம் கைக்கு வரலாம். அது ஆக்லாந்தில் செல்லாது. நினைவுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அங்கேயே இளநீருக்குச் செலவழித்துவிடுங்கள்.