கஞ்சாவும் போதை மாத்திரையும் கிட்னியைக் கெடுக்குமா?

நண்பருக்கு கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய, ரத்தத்திலுள்ள கழிவு) ஏறியிருக்கிறது, கஞ்சாவும் வலி மாத்திரையும் காரணமாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பரோ, வீட்டில் ஒருவரோ, பயந்துபோய்த்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. மும்பை தாராவியில் வளர்ந்தவன். என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவன் பிரவுன் சுகர், அதாவது சுத்திகரிக்காத ஹெராயின், இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு ராத்திரி கூடவே தூக்க மாத்திரையும் போட்டுவிட்டு, வலது கால் உடம்புக்கு அடியில் மடங்கியபடி விடியும்வரை அசையாமல் கிடந்திருக்கிறான். காலையில் அம்மா உலுக்கியபோது மூச்சு இருந்தது, நினைவு இல்லை. தொடை கல் மாதிரி இறுகி வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் பையில் இறங்கிய சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் இருந்தது. ரத்தமா என்று கேட்டேன். இல்லை, நசுங்கிச் செத்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து கிட்னியின் நுண்குழாய்களை அடைத்திருக்கிறது, இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர் என்றார் கிட்னி டாக்டர். சில வாரம் டயாலிசிஸ். அப்புறம் மெல்லச் சிறுநீர் பிரிந்தது, கிட்னி மீண்டது. எல்லோருக்கும் மீளும் என்று நான் சொல்லவில்லை.

ஊசி போடுகிறவர்களுக்கு இன்னும் வழிகள் உண்டு: ஹெபடைடிஸ் சி, எச்ஐவி இரண்டுமே கிட்னியின் வடிகட்டியைத் தாக்கும். மார்ஃபின் போன்ற வலி மருந்துகளின் கழிவு கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். கிட்னி தளர்ந்திருந்தால் அது தேங்கி, வழக்கமாக எடுக்கும் அளவே மூச்சை அடக்கிவிடும். டிரமடால் என்ற வலி மாத்திரைக்கும் அளவு குறைக்க வேண்டும். அந்த மாத்திரையை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், சும்மா இல்லை.

கஞ்சா மூலிகைதானே என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: கஞ்சா நேரடியாக நாள்பட்ட கிட்னி நோயைத் தரும் என்று உறுதியாக நிரூபணமாகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருஷக்கணக்கில் தினமும் புகைப்பவர்கள் சிலருக்கு நிற்காத வாந்தி வரும். வெந்நீரில் குளித்தால்தான் கொஞ்சம் அடங்கும். உடம்பில் நீர் வற்றி கிட்னி திடீரென்று படுத்துவிடும். செயற்கைக் கஞ்சா, அதாவது கஞ்சா மாதிரி போதை தரும் ரசாயனம், இன்னும் மோசம். 2012-இல் அமெரிக்காவில் அதைப் புகைத்த 16 பேருக்குத் திடீர் கிட்னி பாதிப்பு வந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே பதிவு செய்தது.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தம்பி ஐசியுவில் இருந்தபோது திருநெல்வேலியிலிருந்து போன் போட்ட சொந்தக்காரர்கள் "பம்பாய்ல வளத்தா இப்படித்தான்" என்றார்கள். தோல் பட்டறையில் எங்கப்பா உழைத்த காசில் ஊரில் இவர்கள் வீட்டுக் கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. ஊரில் கஞ்சாவே இல்லையாமா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிறுநீர் கறுத்தாலோ, குறைந்தாலோ, நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எதை, எவ்வளவு எடுத்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். எங்கம்மா வெட்கப்படாமல் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டினார், அதனால்தான் தசை சிதைந்திருக்கிறதா என்று காட்டும் சிகே ரத்தப் பரிசோதனையை உடனே எடுத்தார்கள். போதையிலிருந்து மீள 14446 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.