ஓட்டுத்துண்டில கீறின எழுத்து

கேள்வி: அண்ணை, எங்கட வளவில கிணறு இறைச்சுத் துப்பரவாக்கேக்க கீறல் விழுந்த ஒரு பானை ஓடு வந்தது, கிரேக்கரும் இப்பிடிப் பானையில கீறி எழுதினவையாம் எண்டு தம்பி சொல்றான், உண்மையோ?
– வாசகி, மாங்குளம்

பதில்: உண்மைதான் தங்கச்சி. சுட்ட பானையின்ர கறுப்புப் பூச்சில கூரான ஒண்டால கீறினா உள்ள இருக்கிற மண் நிறம் தெரியும், அதுதான் எழுத்து, ஆனா வளைச்சுக் கீறுறது கஷ்டம். ஏதென்ஸில கிடைச்ச ஒரு சாடி, கி.மு. 740 அளவில, அதில நல்லா நடனம் ஆடுறவருக்கு இந்தச் சாடி எண்டு பாட்டு வரியே கீறிக்கிடக்கு!

பிறகு ஏதென்ஸில ஓட்டிலதான் வோட்டும். ஆரை ஊரை விட்டுக் கலைக்கோணுமோ அவரின்ர பேரைக் கீறிப் போட்டா, 6000 ஓடு சேர்ந்தா 10 வருசம் வெளிய. ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸின்ர பேர் கீறின 190 ஓடு ஒரு கிணத்துக்க கிடைச்சுது, பார்த்தா 14 பேரின்ர கையெழுத்துத்தானாம், முதலே எழுதி வைச்சுக் குடுக்கிற வேலை அப்பவே இருந்திருக்கு பாருங்கோவன்.

எங்கட பூநகரியிலயும் பிராமி எண்ட பழைய எழுத்துப் பொறிச்ச ஓடுகள் எடுத்தவை, அதால உங்கட துண்டைத் தேய்ச்சுக் கழுவாம தொல்லியல் படிச்ச ஆருக்கும் காட்டுங்கோ.