ஏ.ஏ. கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: திருச்சி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். என் கணவருக்கு வயது 44. மறுவாழ்வு மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற்று வந்தவர், இரண்டு மாதங்களில் மீண்டும் குடித்துவிட்டார். இப்போது ஒரு மாதமாகக் குடிக்கவில்லை. குடியிலிருந்து மீள விரும்புபவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகும்படி மையத்தில் சொன்னார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? தேவாலய வளாகத்தில் நடக்கும் என்கிறார்கள். நாங்கள் இந்துக்கள் என்பதால் தயங்குகிறார். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்றும் அஞ்சுகிறார். நானும் உடன் செல்லலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கணவர் மீண்டும் குடித்ததை மன உறுதிக் குறைவு என்று நான் எண்ணவில்லை. குடிநோய், நீரிழிவைப் போலவே, மருத்துவமனையை விட்டு வந்த பிறகும் தொடர்ந்து கவனிக்க வேண்டிய நோய். அந்தத் தொடர் கவனிப்புக்குச் செலவில்லாமல் கிடைக்கும் வழிகளில் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் முதன்மையானது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, ஏ.ஏ.வுடன் முறையாக இணைத்துவிடும் சிகிச்சையைப் பெற்றவர்களில், மற்ற உளவியல் சிகிச்சைகளைப் பெற்றவர்களைவிடக் கூடுதலானவர்கள் தொடர்ந்து குடிக்காமல் இருந்தார்கள்.

அவர் சிகிச்சை பெற்ற மையத்தையே முதலில் கேளுங்கள். பெரும்பாலான மையங்களுக்கு அருகிலுள்ள ஏ.ஏ. குழுக்களோடு தொடர்பு இருக்கும். பல மையங்களில் வாரந்தோறும் கூட்டமும் நடக்கும். அங்கே தகவல் கிடைக்காவிட்டால், ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையதளத்தில் உங்கள் பகுதிக்கான உதவி எண்ணைப் பாருங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண்ணான 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண்ணான 14416 ஆகியவற்றிலும் வழி கேட்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். எங்கிருந்து தகவல் கிடைத்தாலும், நேரில் போகும் முன் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்; இடமும் கிழமையும் மாறியிருக்கலாம். தேடி அலைந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் ஒருவர், மறுமுறை கிளம்புவது அரிது. இன்னொன்று: அந்த அழைப்பை இயன்றவரை அவரே செய்யட்டும். மறுமுனையில் பேசுபவர் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்ட ஒருவராகவே இருப்பார். கேட்டுக்கொண்டால், முதல் நாள் பேருந்து நிலையத்துக்கே வந்து அழைத்துச் செல்லும் உறுப்பினர்களும் உண்டு.

தேவாலய வளாகம் என்பது இடவசதிக்காக மட்டுமே. குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் அறை எதுவோ, அங்கே கூடுவார்கள். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும்கூடக் கூட்டங்கள் நடக்கின்றன. ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததன்று. குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும்; ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுளாகவே அதைக் கொள்ளலாம். உறுப்பினராவதற்குக் குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். கட்டணம் கிடையாது, விரும்பியவர்கள் தங்களால் இயன்றதைக் கொடுப்பார்கள்.

தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம் சிற்றூரில் இயல்பானது. அதைச் சிறிதாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே கேட்டதையும் யார் வந்தார்கள் என்பதையும் வெளியே சொல்லக்கூடாது என்பது ஏ.ஏ.வின் அடிப்படை மரபு. முழுப்பெயரும் முகவரியும் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அப்படியும் தயக்கம் தீராவிட்டால், தொடக்கத்தில் திருச்சி நகரில் நடக்கும் கூட்டத்துக்கோ, தமிழில் நடக்கும் இணையவழிக் கூட்டத்துக்கோ போகட்டும். ஆனால் நாளடைவில் வீட்டுக்கு அருகிலுள்ள குழுவே உதவும் என்பது என் கருத்து. வேலை முடிந்து கடையை நோக்கிக் கால்கள் போகும் அந்த மாலை நேரத்தில்தான் பல கூட்டங்கள் நடக்கின்றன. அடிக்கடி செல்லக்கூடிய தொலைவில் இருந்தால்தான் அந்த நேரத்தை அது காக்கும். ஒரு குழு பிடிக்காவிட்டால் வேறு குழுவையும் பார்க்கட்டும். ஒரே ஒரு கூட்டத்தை வைத்து ஏ.ஏ. தனக்கு ஒத்துவராது என்று முடிவு செய்ய வேண்டாம்.

நீங்கள் உடன் செல்வது கூட்டத்தின் வகையைப் பொறுத்தது. திறந்த கூட்டமானால் குடும்பத்தினரும் அமரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும் உரியது. தொலைபேசியில் பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். உங்களுக்கென்று அல்-அனான் என்ற குடும்பத்தினர் குழு தனியாக இருக்கிறது. கணவர் கூட்டத்துக்குப் போக மறுத்தாலும் நீங்கள் அதற்குப் போகலாம், போக வேண்டும். இத்தனை ஆண்டுகள் இதைத் தனியாகச் சுமந்த உங்களுக்கும் ஆதரவு தேவை.

கூட்டத்துக்குப் போவதால் மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தக்கூடாது. மீண்டும் தினமும் குடிக்கும் நிலை வந்துவிட்டால், வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்தவும் கூடாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மனக்குழப்பமும் இல்லாத உருவங்களைக் காண்பதும் ஏற்படலாம். வலிப்போ குழப்பமோ தோன்றினால் 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடல் தேறியதும் அவர் அதே குழுவுக்குத் திரும்பலாம். இடையில் குடித்ததற்காக அங்கே யாரையும் விலக்குவதில்லை.