வரியைவிடப் பக்கக்கோடு உறுதியான சாட்சி: வஞ்சிரம் அடையாளம் காண

கேள்வி: வஞ்சிரம் என்று ஒன்றேகால் அடி மீன் வாங்கினேன். உடம்பில் வரியே இல்லை, புள்ளிகள்தான். கேட்டால், "குட்டி வஞ்சிரத்துக்குப் புள்ளிதாங்க இருக்கும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வது பொய்யல்ல. குறுக்கே நெளிநெளியாக வரியோடும் பெரிய வஞ்சிரத்துக்குச் சிறு வயதில் வரி இருக்காது, நீள்வட்டப் புள்ளிகள்தான் இருக்கும். ஆனால், எவ்வளவு வளர்ந்தாலும் புள்ளி மாறாத இன்னொரு இனமும் அதே கூடையில் வருகிறது. அது முக்கால் மீட்டர் அளவோடு நின்றுவிடும். வரி வஞ்சிரமோ இரண்டு மீட்டரையும் தாண்டும். ஐஸில் கிடந்தால் வரியும் புள்ளியும் மங்கிவிடும். அதனால் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வழவழப்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மீனை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். செவுளிலிருந்து வால் வரை ஓடும் மெல்லிய பக்கக்கோடு தெரியும். இரண்டாம் முதுகுத் துடுப்பு முடியும் இடத்துக்கு நேர் கீழே அந்தக் கோடு படியிறங்குவது போலச் சட்டென்று சரிந்தால், அது வரி வஞ்சிரத்தின் குட்டி. வால் நோக்கி மெதுவாகத் தாழ்ந்து, முன்பாதியில் இருபுறமும் மயிரிழை போன்ற கிளைகள் பிரிந்தால், அது புள்ளி இனம். காசிமேட்டில் எத்தனையோ மீன்களை இப்படிச் சாய்த்துப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு தப்பாது.

இன்னும் ஐயமா? செவுள் மூடியைத் தூக்கி, முதல் செவுள் வளைவின் உட்பக்கத்தில் சீப்புப் பல் போல நிற்கும் முட்களை எண்ணுங்கள். வரி வஞ்சிரத்தில் 8-ஐத் தாண்டாது. புள்ளி இனத்தில் 8 முதல் 14 வரை. சரியாக 8 வந்தால் பக்கக்கோடே முடிவு சொல்லட்டும்.

பக்கவாட்டில் குட்டிக் குட்டிக் கோடுகள் கிடைமட்டமாக இருந்தால் அது மூன்றாவது இனம். அதன் பக்கக்கோடும் மெதுவாகத்தான் இறங்கும், கிளைகள் இருக்காது.

இவை மூன்றும் ஒரே குடும்பத்து நெருங்கிய சொந்தங்கள், ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கவனமாக இருக்க வேண்டியது வாஹூ என்ற வேறொரு மீன் விஷயத்தில். அதற்கும் உடம்பில் குறுக்கு வரிகள் உண்டு. ஆனால் மூக்கு நீண்டு கூர்ந்திருக்கும், செவுளில் அந்தச் சீப்பு முட்களே இருக்காது, பக்கக்கோடு முதல் முதுகுத் துடுப்புக்குக் கீழேயே சரிந்துவிடும். முதல் முதுகுத் துடுப்பின் முட்கள் வஞ்சிரத்தில் 15 முதல் 18, வாஹூவில் 23 முதல் 27.

துண்டு போட்ட பிறகு இதில் பாதி அடையாளம் போய்விடும். தலையோடு பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.